வெள்ளெழுத்துக் கண்ணாடி என்ன செய்கிறது?

பெரம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்காவுக்கு அப்போது 45 வயது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியான வாரங்களில், ரவிக்கைகளுக்கு ஹெம்மிங் செய்வதையும் கொக்கி வைத்துத் தைப்பதையும் அவர் கூலி கொடுத்து வெளியில் செய்விக்கத் தொடங்கினார். ஊசியில் நூல் கோக்க, பள்ளி விட்டு மகள் வரும்வரை காத்திருந்தார். ஒரு நாள் அம்மாவின் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். கையில் இருந்த துணி தெளிந்தது, ஆனால் தையல் மிஷினின் ஊசி முன்னைவிட மங்கிவிட்டது. அன்றோடு அதைக் கழற்றி வைத்துவிட்டார். "கண்ணாடி கண்ணைக் கெடுக்குதுன்னு சும்மாவா சொல்றாங்க? ஒரு தடவை போட்டா கண்ணு அதுக்கே பழகிடும்டா" என்றார்.

நாற்பதைக் கடந்த பலரிடம் இதே பேச்சைக் கேட்கலாம். கண் வலுவிழந்துவிட்டது, கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, போடப்போட பவர் ஏறும் என்று மூன்று கருத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலம் வருகின்றன. மூன்றும் தவறானவை. இவற்றை நம்பி, கண்ணால் செய்யும் வேலையையே பிழைப்பாகக் கொண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் கண்ணாடியைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அக்காவுக்குப் புரியவைக்க நான் எடுத்துக்கொண்ட வழியையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

நாற்பது வயதில் செய்தித்தாள் படிக்கத் தடுமாறுகிறவர் "எனக்குக் கிட்டப் பார்வை" என்று சொல்வது வழக்கம். கிட்டத்தில் பார்ப்பதில் பிரச்சினை என்ற பொருளில் அவர் சொல்கிறார். ஆனால் மருத்துவரும் பள்ளிப் பாடநூலும் கிட்டப்பார்வை என்று சொல்வது இதற்கு நேர்மாறானதை: கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும். தூரப்பார்வை என்பதில் தூரத்தைவிடக் கிட்டத்தில் பார்ப்பதுதான் கடினம். இந்த இரண்டும் பெரும்பாலும் விழிக்கோளத்தின் நீளம் கூடியிருப்பதாலோ குறைந்திருப்பதாலோ வருபவை, குழந்தைக்கும் வரலாம்.

நாற்பதை ஒட்டி வருவது மூன்றாவது வகை. அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். வீட்டுப் பெரியவர்கள் சாளேசரம் என்று சொல்லிக் கேட்டிருக்கலாம். இது விழிக்கோளத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று. கண்ணுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு நெகிழ்வை இழப்பதால் வருவது. அதனால்தான் இது எல்லோருக்கும் வருகிறது. சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவருக்கும் வருகிறது, வாழ்நாள் முழுவதும் கண்ணாடி பக்கமே போகாதவருக்கும் வருகிறது.

ஜன்னல் கம்பியும் ஒரு நூலும்

ஒரு நீளமான நூலை நடுவில் மடித்து, அந்த மடிப்பை ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்து, கைகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு மிக அருகில் நின்றால் இரண்டு நூல்களும் கம்பியிலிருந்து அகலமாக விரிந்து வரும். அதே ஒரு சாண் இடைவெளியை மாற்றாமல் பின்னால் நடந்து போனால், விரிவு குறைந்துகொண்டே வந்து, அறையின் மறு மூலையில் இரண்டு நூல்களும் ஏறக்குறைய இணையாகவே தோன்றும்.

எழுத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியும் இப்படித்தான் வருகிறது. அச்சடித்த 'அ' என்ற எழுத்தின் ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால், அதிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதில் ஒரு சிறு கற்றை மட்டும் கண்ணின் கருமையான துளைக்குள், அதாவது கண்பாவைக்குள், நுழைகிறது. கண்பாவைதான் அந்த ஒரு சாண் இடைவெளி. புத்தகம் அருகில் இருந்தால் கற்றை விரிந்து வருகிறது. தூரத்துப் பேருந்தின் தட எண்ணிலிருந்து வரும் கற்றை கிட்டத்தட்ட இணையாக வருகிறது.

விரிந்து வந்த கற்றையை மீண்டும் ஒரே புள்ளியில் கூட்டினால்தான் காட்சி தெளியும். கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய படலமான விழித்திரையின் மேல் அந்தப் புள்ளி விழ வேண்டும். இப்படிக் கூட்டுவதைக் குவித்தல் என்கிறோம். அதிகமாக விரிந்து வருவதைக் குவிக்க அதிகமாக வளைக்க வேண்டும். அதனால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் கூடுதலாக உழைக்கிறது.

குவியாமல் போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு புள்ளியும் விழித்திரையில் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாகப் பரவும். பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். எழுத்தின் கறுப்புக் கோட்டுக்குள் தாளின் வெண்மை கலந்துவிடும். மெல்லிய கோடுகள் சாம்பல் நிறமாகி வெளுத்துத் தெரியும். வெள்ளெழுத்து என்ற சொல் இந்த அனுபவத்துக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது என்று நான் வியப்பதுண்டு. மை மங்கவில்லை, தாளும் மாறவில்லை. கறுப்பும் வெள்ளையும் கண்ணுக்குள் கலந்துபோயிருக்கின்றன.

ஆக, கிட்டத்து எழுத்திலிருந்து ஒளி விரிந்து வருகிறது. அதை விழித்திரையில் புள்ளியாகக் கூட்டக் கூடுதல் வளைவு தேவை. அந்தக் கூடுதலை இளவயதில் யார் தருகிறார்கள் என்பதே அடுத்த கேள்வி.

இளங்கண் எப்படிச் சமாளிக்கிறது

கண்ணில் ஒளியை வளைக்கும் உறுப்புகள் இரண்டு. முதலாவது, கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலமான கார்னியா. மொத்த வளைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்துவிடுகிறது. ஆனால் இதன் வடிவம் மாறாது. தூரத்தைப் பார்த்தாலும் கிட்டத்தைப் பார்த்தாலும் ஒரே அளவுதான் வளைக்கும்.

இரண்டாவது, கண்பாவைக்குப் பின்னால் இருக்கும் விழிலென்ஸ். தேவைக்கு ஏற்ப வடிவத்தை மாற்றிக்கொள்ளும் திறன் இதற்கு மட்டுமே உண்டு. இதைப் புரிந்துகொள்ள, தண்ணீர் நிரப்பிய ஒரு பலூனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் விளிம்பைச் சுற்றிலும் நூல்கள் கட்டியிருக்கின்றன. குழந்தைகள் வட்டமாக நின்று ஆளுக்கொரு நூலைப் பிடித்திருக்கிறார்கள். எல்லோரும் பின்னால் சாய்ந்து இழுத்தால் பலூன் தட்டையாகும். எல்லோரும் ஓரடி உள்ளே வந்தால் நூல்கள் தொய்ந்து, பலூன் தானாகவே பருத்து உருண்டையாகும்.

கண்ணில் அந்தக் குழந்தைகளின் வட்டம்தான் சிலியரித் தசை. லென்ஸைச் சுற்றி வளையமாக இருக்கும் இந்தத் தசை சுருங்கும்போது வளையம் சிறுக்கிறது, நூலிழைகள் தளர்கின்றன, லென்ஸ் தன் சொந்த நெகிழ்வால் பருக்கிறது. பருத்த லென்ஸ் ஒளியைக் கூடுதலாக வளைக்கும். இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஓர் இடம் உண்டு. தசை லென்ஸைப் பிடித்து அழுத்தி உருட்டுவதில்லை. பிடியைத் தளர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். உருண்டையாவது லென்ஸின் வேலை. வெள்ளெழுத்து ஏன் வருகிறது என்பதற்கான விடை முழுவதும் இந்த ஒரு நுட்பத்தில் அடங்கியிருப்பதால், இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

கிட்டப் பார்ப்பதற்காக லென்ஸ் இப்படி மாறுவதை விழி ஏற்பமைவு என்கிறார்கள். இந்த வேலையைச் செய்வது கார்னியாவா, லென்ஸா என்ற விவாதம் ஒரு காலத்தில் இருந்தது. 1801இல் தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் தம் கண்ணையே தண்ணீரில் படுமாறு வைத்துச் சோதித்தார். தண்ணீருக்குள் கார்னியாவின் வளைக்கும் ஆற்றல் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அப்போதும் அவரால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பார்வையை மாற்ற முடிந்தது. ஆகவே மாறுவது உள்ளே இருக்கும் லென்ஸ்தான் என்று நிறுவினார். தசை, நூலிழை, லென்ஸ் ஆகியவை சேர்ந்து இயங்கும் முறையை 1850களில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார்.

நாற்பதில் என்ன நடக்கிறது

நகமும் முடியும் வளர்ந்தால் வெட்டி எறிகிறோம். தோலின் பழைய செல்கள் உதிர்ந்துவிடுகின்றன. விழிலென்ஸுக்கு அந்த வசதி இல்லை. அது வாழ்நாள் முழுவதும் வெங்காயம் போல மேலே மேலே புதிய அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. பழையவை வெளியேற வழியின்றி உள்ளே நெருங்கி இறுகுகின்றன. குழந்தைப் பருவத்தில் தண்ணீர் பலூன் போல இருந்தது, மெல்ல மெல்லக் கெட்டி ரப்பராக மாறுகிறது. பிறகு குழந்தைகள் எத்தனை அடி உள்ளே வந்து நூலைத் தளர்த்தினாலும் அது பருப்பதில்லை.

கண் வலுவிழந்துவிட்டது என்று சொல்வது ஏன் பொருந்தாது என்பது இப்போது தெரியும். தசை பெரும்பாலும் நன்றாகவே இயங்குகிறது; இறுகிப்போனது லென்ஸ்.

இந்த இறுக்கம் நாற்பதாவது பிறந்தநாளன்று தொடங்குவதுமில்லை. சிறு வயதிலிருந்தே படிப்படியாக நடந்து வருவது, நாற்பதுகளில்தான் அன்றாட வேலைக்குப் போதாமல் போகிறது. இதைக் கணக்காகப் பார்க்க ஓர் அளவு வேண்டும். லென்ஸின் வளைக்கும் திறனை டயாப்டர் என்ற அலகால் அளக்கிறோம். கடையில் பவர் என்று சொல்லும் எண் இதுதான். ஒன்றை மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் டயாப்டர் கிடைக்கும். 1 மீட்டர் தூரத்தில் உள்ளதைப் பார்க்கக் கண் கூடுதலாகத் தர வேண்டியது 1 டயாப்டர். அரை மீட்டர் என்றால் 2. நாம் வழக்கமாகப் படிக்கும் 40 சென்டிமீட்டருக்கு 2.5.

இனி இதைக் கையிருப்பாக நினைத்துப் பாருங்கள். பத்து வயதுக் குழந்தையிடம் 12 டயாப்டருக்கும் மேல் இருப்பு இருக்கும். அதனால் அது புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டும் படிக்கும். 45 வயதில் இருப்பு ஏறக்குறைய 4. அறுபதில் ஏறக்குறைய 1. படிப்பதற்கு ஆகும் செலவோ எல்லா வயதிலும் அதே 2.5தான். இருப்பு 4, செலவு 2.5 என்றால் போதுமே என்று தோன்றும். ஆனால் இருப்பு முழுவதையும் எப்போதும் செலவழித்துக்கொண்டிருக்க எந்தத் தசையாலும் முடியாது. ஏறக்குறையப் பாதியை மிச்சம் வைத்தால்தான் நெடுநேரம் தாங்கும். 4இல் பாதி 2. அரை டயாப்டர் பற்றாக்குறை. காலையில் படித்த அதே எழுத்து மாலையில் தெளியாமல் போவதும், பத்து நிமிடம் படித்ததும் நெற்றி வலிப்பதும், தாளிலிருந்து கண்ணெடுத்துத் தூரத்தைப் பார்த்தால் ஒரு நொடி மங்குவதும் இந்த அரை டயாப்டரின் கதைதான்.

மாத்திரை அட்டையைக் கையை நீட்டிப் பிடிப்பதும் இதே கணக்கின்படி நடக்கிறது. 60 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் செலவு 1.7க்குக் குறைகிறது. தெரியாமலேயே கை சரியான கணக்கைப் போட்டுவிடுகிறது. ஆனால் கையின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு; தள்ளத் தள்ள எழுத்தும் சிறுத்துப் போகிறது.

வெளிச்சத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மருந்தின் காலாவதித் தேதியைப் படிக்கப் பெரியவர்கள் வாசலுக்கு வருவார்கள். வெயிலில் கண்பாவை சுருங்குவதால் உள்ளே நுழையும் கற்றை மெலிகிறது. மெலிந்த கற்றை சரியாகக் குவியாவிட்டாலும் சிறிய வட்டமாகவே பரவும். ஒரு தாளில் குண்டூசியால் துளையிட்டு, அதைக் கண்ணருகே வைத்து, நல்ல வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் பாருங்கள். கண்ணாடி இல்லாமலே தெளிவது தெரியும்.

சுருக்கமாக: லென்ஸ் இறுகுவதால் கண்ணின் கையிருப்பு குறைகிறது, படிப்பின் செலவு குறைவதில்லை. பற்றாக்குறையை வெளியிலிருந்து யாராவது ஈடுகட்ட வேண்டும்.

கண்ணாடி ஈடுகட்டும் விதம்

பள்ளி நாட்களில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கியவர்களுக்குக் குவிலென்ஸ் தெரிந்ததே. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும் அது, தன் வழியே போகும் ஒளியை உட்புறமாக வளைக்கும். வாசிப்புக் கண்ணாடியில் இருப்பது அதுதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றிய முதல் மூக்குக்கண்ணாடிகளும் வெள்ளெழுத்துக்கான குவிலென்ஸ்களே.

ஜன்னல் கம்பியில் மாட்டிய நூலுக்குத் திரும்புவோம். அருகில் நின்று, நூல்கள் விரிந்திருக்கும்போது, நடுவழியில் வேறொருவர் இரண்டு நூல்களையும் பிடித்துச் சற்று உள்ளே திருப்பிவிட்டால், உங்கள் கைக்கு வரும்போது அவை விரிவு குறைந்தே வரும். கைக்கு வரும் நூலை மட்டும் பார்த்தால், கம்பி எங்கோ தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். கண்ணாடி செய்வது இதைத்தான்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 40 சென்டிமீட்டரில் உள்ள புத்தகத்துக்குத் தேவை 2.5 டயாப்டர். பிளஸ் 1.50 கண்ணாடி அதில் 1.5ஐத் தானே கொடுத்துவிடுகிறது. கண் தர வேண்டியது மீதி 1 மட்டும். 1 டயாப்டர் என்பது 1 மீட்டர் தூரத்துக்கான செலவு. அதாவது, புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்க, கண்ணுக்கு அது ஒரு மீட்டர் தள்ளி இருப்பதைப் போன்ற ஒளி வந்து சேர்கிறது. கையை நீட்டிச் சாதிக்க முயன்றதைக் கண்ணாடி கையை நீட்டாமலே செய்துகொடுக்கிறது. பிளஸ் 2.50 என்றால் முழுச் செலவையும் கண்ணாடியே ஏற்கிறது. கண்ணுக்குப் புத்தகம் அடிவானத்தில் இருப்பது போலாகிவிடும், லென்ஸ் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே கண்ணாடி கண்ணுக்குள் எதையும் மாற்றுவதில்லை. அது மாற்றுவது, கண்ணை வந்தடையும் முன் ஒளியின் விரிவை.

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்ற கருத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடிக்கும்போது நன்றாகப் பெரிதாக்கும். மூக்கின் மேல், கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் முன்னால் இருக்கும் மெல்லிய லென்ஸ் பெரிதாக்குவது மிகச் சொற்பம். ஆனாலும் கண்ணாடி போட்டதும் எழுத்து பெரிதாகத் தெரிவதாகச் சொல்கிறார்களே? 60 சென்டிமீட்டரில் பிடித்திருந்த தாளை இப்போது 40க்குக் கொண்டுவர முடிகிறது. அருகில் வந்ததால் எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிகிறது. பெரிதாக்கியது தூரம் குறைந்தது. கண்ணாடி அதற்கு இடம் கொடுத்தது.

அக்காவின் மிஷின் ஊசி மங்கிய புதிருக்கும் இதே கணக்கு விடை சொல்லும். அம்மாவின் கண்ணாடி பிளஸ் 2.50. தூரப் பார்வை சரியாக இருக்கும் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டால், கண் முழு ஓய்வில் இருக்கும்போதே 40 சென்டிமீட்டர் தெளிவாகிவிடும். அதற்கு அப்பால் உள்ள எல்லாமே மங்கும். கண்ணால் கூடுதலாக வளைக்கத்தான் தெரியும், கண்ணாடி கொடுத்ததைக் கழிக்கத் தெரியாது. மிஷின் ஊசி 40க்கு அப்பால் இருந்தது. கண் கெட்டதற்கான அறிகுறி அதில் எதுவும் இல்லை. வாசிப்புக் கண்ணாடியோடு எழுந்து நடந்தால் தெரு மங்குவதும், தாத்தாக்கள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவதும் இதனால்தான்.

தூரத்துக்கு ஏற்கெனவே பவர் உள்ளவர்களுக்கு மருந்துச் சீட்டில் "ஆட்" என்று தனியாக ஓர் எண் இருக்கும். தூரத்துப் பவரோடு படிப்பதற்காகக் கூட்ட வேண்டியது அது. மைனஸ் 3.00 உள்ளவருக்கு ஆட் 1.50 என்றால், படிக்கத் தேவை மைனஸ் 1.50. இரண்டையும் ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாக வைப்பது பைஃபோகல். கோடு தெரியாமல் படிப்படியாக மாற்றுவது புரோகிரசிவ்.

நம்பிக்கைகளும் உண்மையும்

கண் பழகிவிடும் என்ற அச்சம் பொய்யான கவனிப்பிலிருந்து பிறந்ததன்று. கவனித்தது உண்மை, காரணம் காட்டியதுதான் தவறு. 42 வயதில் பிளஸ் 1.00இல் தொடங்கியவருக்கு 52இல் பிளஸ் 2.00 தேவைப்படுவது பொதுவாக நடப்பதே. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகள் அவர் கண்ணாடியே போடாமல் இருந்திருந்தாலும் லென்ஸ் அதே அளவு இறுகியிருக்கும். அறுபதை ஒட்டி இருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிடுவதால், அதன் பிறகு வெள்ளெழுத்தின் காரணமாகப் பவர் பெரிதாக ஏறுவதில்லை. போட்டதால் ஏறுவது என்றால் அங்கே நிற்கக் காரணமே இல்லை.

கண் பயிற்சி பற்றிக் கேட்கிறார்கள். பயிற்சி தசைக்கு உதவக்கூடும், ஆனால் குறை தசையில் இல்லை. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் வைட்டமின் ஏ விழித்திரைக்கு வேண்டியதுதான். இறுகிய லென்ஸை அது இளக்காது.

"எங்க தாத்தா எண்பது வயசுலயும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிப்பார்" என்பது எல்லா வீட்டிலும் உள்ள பெருமை. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். அவருக்கு மிதமான கிட்டப்பார்வை இருந்திருக்கலாம். மைனஸ் 2.50 உள்ள கண், கண்ணாடி இல்லாமல் ஓய்வில் இருக்கும்போதே 40 சென்டிமீட்டரில் குவியும், பிளஸ் 2.50 கண்ணாடியைப் பிறவியிலேயே உள்ளே வைத்திருப்பது போன்றது அது. கண்ணாடியைக் கழற்றினால்தான் அவர் படிப்பார்.

இரண்டாவது காரணம் கவனிக்க வேண்டியது. இருபது ஆண்டுகள் வாசிப்புக் கண்ணாடி போட்டவர் எழுபதில் திடீரென்று அது இல்லாமல் படிக்கத் தொடங்கினால், கண் திரும்பிவிட்டது என்று வீடே மகிழும். கண்புரையின் ஒரு வகையில், லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து, அதன் வளைக்கும் திறன் கூடிவிடுவதுண்டு. கிட்டம் தெளிவாகும், அதே வேளையில் தூரம் மங்கத் தொடங்கும். மகிழ்வதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டிய மாற்றம் இது.

கண்புரை அறுவை முடிந்தவர்கள், "ஆபரேஷனுக்குப் பிறகும் படிக்கக் கண்ணாடியா?" என்று ஏமாற்றத்தோடு கேட்பதையும் பார்க்கிறேன். உள்ளே வைக்கும் சாதாரணச் செயற்கை லென்ஸ் வடிவம் மாறாதது. அதைத் தூரத்துக்குப் பொருத்தியிருந்தால் கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். அறுவையில் எந்தக் குறையும் இல்லை.

கடைக்குப் போவதற்கு முன்

தள்ளிப்போடுவதன் விலை சிறியதன்று. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இலை பறிக்கும் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்களின் நாள் உற்பத்தி, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. அவர்கள் எதையும் படிப்பவர்கள் அல்லர், இலையைப் பார்ப்பவர்கள். பூக்கடையில் சரம் கட்டுபவர்களையும், சௌகார்பேட்டையில் நகையில் கல் பதிப்பவர்களையும், முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் நம் வீட்டுப் பெண்களையும் அப்போது நினைத்துக்கொண்டேன். கண்ணாடி படித்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அது போக வேண்டும்.

நடைபாதையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடிகள் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதும் மிகை. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருந்து, தூரத்துக்குப் பவர் எதுவும் இல்லாதவருக்கு அவை ஓரளவு பயன்படும். இரு கண்ணுக்கும் வேறுபாடு இருந்தால் தலைவலிதான் மிஞ்சும். எனக்குள்ள கவலை வேறு. அந்தக் கண்ணாடியோடு திருப்தியடைகிறவர் கண் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார். கண் நீரழுத்த நோய் பெரும்பாலும் வலியோ மங்கலோ காட்டாமல் ஓரப் பார்வையை மெல்ல அரித்துவிடும். நாற்பதில் வெள்ளெழுத்துக்காகப் போகும் பரிசோதனை பலருக்கு அதைக் கண்டுபிடிக்கும் முதல் வாய்ப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸின் பவரும் மாறும் என்பதால், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நாட்களில் பவர் சோதிப்பது நல்லது. அவர்கள் விழித்திரையையும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இலிருந்து இந்த நகரத்தில் கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் அங்கே போகலாம்.

பரிசோதிப்பவரிடம் வயதைச் சொல்வது போலவே, எவ்வளவு தூரத்தில் வைத்து வேலை செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இதைக் கேட்காத இடத்தில் 40 சென்டிமீட்டருக்கான பவரையே எழுதிவிட வாய்ப்புண்டு. செல்போனை 30இல் பிடிப்பவருக்கும், கணினியை 60இல் வைத்திருப்பவருக்கும், தபலாவுக்கு முன் உட்கார்ந்து தரையிலுள்ள பாட்டு நோட்டைப் பார்ப்பவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

அக்கா இஞ்ச் டேப்போடுதான் உட்கார்ந்தார். வழக்கம்போல் துணியை மடியில் வைத்து ஹெம்மிங் செய்யச் சொல்லி, கண்ணிலிருந்து ஊசிவரை அளந்தோம்: 14 அங்குலம், ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். மிஷின் ஊசி 22 அங்குலம், ஏறக்குறைய 55. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போய்க் காட்டினார். அவருக்குக் கொடுத்த பவர் பிளஸ் 1.25. அதைப் போட்டுக்கொண்டால் 80 சென்டிமீட்டர்வரை தெளிவாகத் தெரியும். மிஷின் ஊசி அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. மடியில் இருக்கும் துணிக்குத் தேவையான 2.8இல் கண்ணாடி 1.25 கொடுக்க, மீதி ஒன்றரையை அவருடைய கண்ணே சிரமமில்லாமல் கொடுக்கிறது. கொக்கி வைக்கும் வேலையை இப்போது அவர் வெளியில் கொடுப்பதில்லை.